நீலகண்ட சிவன்

பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருவழி, பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் கடந்து செல்கிறது. ஆரியங்கோட்டிலிருந்து அது தொலைவன்று. இசைப் பெரியார் நீலகண்ட சிவனின் வாழ்க்கை அவ்வழியின் இரு முனைகளிலும் கழிந்தது என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. சிவன் என்றவுடன் பாபநாசம் சிவனையே நினைப்பது வழக்கம்; நாமும் நெடுநாள் அவ்வாறே மயங்கியிருந்தோம்.

1839-இல் நாஞ்சில் நாட்டில் தோன்றிய அன்னார், பத்மநாபபுரத்தில் நீலகண்டசுவாமி திருக்கோயிலின் நிழலில் வளர்ந்தார். சிலகாலம் அரசுப் பணி புரிந்தார். உள்ளம் அதில் ஒன்றவில்லை. அதனைத் துறந்து பஜனையில் இறங்கினார். பின்னர் திருவனந்தபுரத்துக் கரமனையில் தங்கினார்.

திருவிதாங்கூர் இசைக்குப் புதிய நிலமன்று. சுவாதித் திருநாள் மன்னர் (1813–1846) பல மொழிகளில் கீர்த்தனைகள் இயற்றிய நாடு அது. ஆங்கே நீலகண்ட சிவன் எளிய தமிழில் பாடினார். பூர்விகல்யாணியில் ஆனந்த நடனத்தைப் பாடும்போது துள்ளும் அதே உள்ளம், முகாரியில் சிவ கிருபை என்றைக்கு வருமோ என்று ஏங்குகிறது. உத்தியோகத்தையும் உதறி வந்தவர், இறைவனைக் கண்டுவிட்டதாகப் பெருமை பேசலாகாதா? பேசவில்லை. தம் குறையையும் தவிப்பையும் மறையாது வைத்தார். பக்திப் பாடல்களில் இந்நேர்மை அரிதென்றே நாம் கருதுகிறோம். புகழ்மாலை தொடுப்பது எளிது.

தந்தையை இழந்து, தாயுடன் தஞ்சை மண்ணை விட்டுத் திருவனந்தபுரம் வந்த இராமையா என்னும் சிறுவனை ஈர்த்தவை இப்பாடல்களே. அச்சிறுவனே பிற்காலத்தில் பாபநாசம் சிவன் (1890–1973) ஆனார். நீலகண்ட சிவனையே தம் ஞானகுருவாக அவர் போற்றினார். புகலிடம் தேடி வந்த பிள்ளைக்குத் தாய்மொழிப் பாட்டு எத்தகைய துணையாக இருந்திருக்கும் என்பதை, வந்த இடத்தில் வாழும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நீலகண்ட சிவன் 1900-இல் மறைந்தார். 1956-இல் மாநில எல்லை வகுத்தபோது அவர் வளர்ந்த பத்மநாபபுரம் தமிழ்நாட்டின் பக்கமாயிற்று. கரமனை கேரளத்தில் நின்றது. பத்மநாபபுரத்து அரண்மனையோ அங்கிருந்தும் கேரள அரசின் பொறுப்பிலேயே உள்ளது! பாடல்களை இவ்வாறு யாரும் பங்கிடவில்லை. மலையாளப் பள்ளியில் பயிலும் நம் சிறுவருக்கு அந்த முகாரிப் பாட்டு வீட்டில்தான் கிட்ட வேண்டும். எத்தனை வீடுகளில் கிட்டுகிறது என்று எண்ணினால், நம் வீட்டையும் சேர்த்தே, சற்று நாணமாக இருக்கிறது.