லாயத்தில் பிறந்த கவிஞன்

லண்டனிலே குதிரை லாயத்தைக் கவனித்து வந்தவரின் மகன், தம்பி, அந்தக் கீட்ஸ்! 1795-இல் பிறந்தான். எட்டு வயதிலே தந்தை போனார், பதினாலிலே தாய். வயிற்றுப்பாட்டுக்காக மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்க்கப்பட்டான்.

பள்ளித் தலைமையாசிரியரின் மகன் கிளார்க், நண்பன். இருநூறாண்டுக்கு முந்திய ஸ்பென்சரின் காவியத்தைக் காட்டினான். படித்தான், சொக்கினான், எழுதவே துணிந்தான்! 1814-இல் எழுதிய முதற் கவிதை ஸ்பென்சரின் சாயல்தான். இருக்கட்டுமே, குருவின் சாயலின்றிச் சீடன் ஏது?

1816-இல் மருத்துவத் தேர்விலே தேறினான். தேறியவன் கத்தியைக் கீழே வைத்தான்! சோறு போடும் தொழில் எது, போடாதது எது என்று அறியாதவனல்ல. மறு ஆண்டு வந்த முதல் நூல் விலைபோகவில்லை. 1818-இல், மேட்டுக்குடியின் எடின்பரோ ஏடொன்று, மருந்துக்கடைக்கே திரும்பிப் போகச் சொல்லி எள்ளி நகையாடிற்று. குதிரைக்காரன் மகனுக்குக் கவிதை ஒரு கேடா என்று கேட்கும் நாக்கு எந்த நாட்டில்தான் இல்லை!

1821-இல், ரோமாபுரியிலே, காசநோய் அவனைக் கொண்டுபோயிற்று. வயது 25. மருந்துக்கடைக்கு அவன் திரும்பவேயில்லை.