மரியா மாண்டிசோரி அம்மையார்

பூவிருந்தவல்லிக்கு அணித்தாயுள்ள செம்பரம்பாக்கத்து ஏரியின் மிகைநீர் அடையாற்றிற் கலந்து, கிழக்கே ஓடிக் கடலை அடைகின்றது. அவ்வாறு கடலொடு கூடுமிடத்திற் பிரமஞான சபையாரின் தோட்டம் உளது. 1939-ஆம் ஆண்டு நவம்பரில், 69 அகவை நிறைந்த இத்தாலிய மாதரசியொருவர் அங்கு வந்து தங்கி, ஏறக்குறைய 300 பேர்க்கு ஆசிரியப் பயிற்சி அளித்தனர். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார். ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களில் மழலையர் பள்ளிகளின் வாயிலாக அவர் பெயரை அறிந்தார் பலர். குமரப் பருவத்தினரைப்பற்றி அவர் ஆய்ந்தவற்றை அறிந்தார் சிலரே. ஆசிரியராக விழையும் நண்பர்க்குப் பயன்படுமெனக் கருதி, அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி நாட்டுக் கியாரவல்லே என்னும் ஊரிற் பிறந்தார். பெண்மக்கள் அரிதாகவே புகும் தொழில்நுட்பப் பள்ளியில் 13-ஆம் அகவையிற் சேர்ந்து கணிதம் பயின்றார். பொறியியல் வல்லுநராதலே அப்பொழுது அவர் வேட்கை. பின்னர் அவர் கருத்து மருத்துவத்தின்பாற் சென்றது. தந்தையார் அதனை விரும்பிற்றிலர். எனினும் அம்மையார் உறுதி தளராது, 1896-ஆம் ஆண்டில் உரோமாபுரிச் சர்வகலாசாலையில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் அறிவு மந்தமுடையரெனப்பட்ட சிறுவரைப் பித்தர் விடுதிகளில் அடைத்து வைத்திருந்தனர். அவரைக் கண்டு இரங்கிய அம்மையார், அவர்க்கு மருந்தினும் கல்வியே மிகுதியும் வேண்டுவதெனத் துணிந்தார். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழையர் குடியிருப்பிற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். மருத்துவர் நாடி பார்த்தன்றி மருந்தளியார். அதுபோல் ஆசிரியரும் பிள்ளையை உற்றுநோக்கியன்றிக் கற்பித்தலாகாது. இதுவே அவர் முறையின் உயிர்நிலை.

இத்தகையார் வாழ்விலும் மறைந்திருந்த துயரமொன்று உண்டு. 1898-இல் அவர்க்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். மணமின்றிப் பிறந்தமையால், பழிக்கு அஞ்சி அவனை நாட்டுப்புறத்துக் குடும்பமொன்றில் வளர விடுத்தனர். பிறர் குழந்தைகளைப் பேணி உலகப் புகழெய்தியவர் தம் மகனின் மழலையை இழந்தார். தம் தாயார் இறந்தபின், 1913-ஆம் ஆண்டளவில், 15 அகவையினனாக அவனைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். குமரப் பருவத்தில் வந்த அம்மகனாரே இறுதிவரை அவர்க்குத் துணையாயினார்.

1940-ஆம் ஆண்டு ஜூனில் இத்தாலி போரிற் புகவே, ஆங்கில அரசினர் மகனாரைப் பகைநாட்டினரென்று காவலில் வைத்தனர். அம்மையார் அடையாற்றிலேயே கட்டுப்பட்டிருந்தார். அவரது 70-ஆம் பிறந்தநாளன்று மகனார் விடுவிக்கப்பட்டார். பின்னர் இருவரும் கோடைக்கானலில் தங்கிப் பணியைத் தொடர்ந்தனர்.

12 முதல் 18 அகவை வரையுள்ள காலத்தை இரண்டாம் பிறப்பெனக் கொண்டார் அம்மையார். உடல் விரைந்து மாறும் அப்பருவத்தில் உள்ளம் எளிதில் நாணும், ஐயுறும், சோரும். ஆகலின் பாடச் சுமையினும், கைத்தொழில் செய்து பொருளீட்டித் தன் மதிப்பை உணர்தலே அவர்க்கு வேண்டுவதென்றார். நிலத்திற் பயிரிட்டும் கடை நடத்தியும் மாணவர் கற்கும் பள்ளியொன்றை அவர் கருதினார். 1948-இல் வெளிவந்த அவரது நூலில் இக்கருத்துக்கள் உள்ளன.

உயிருள்ளார் மூளையை உட்புகாது படமெடுக்கும் கருவி அவர்க்குக் கிடைத்திலது. 1990-களுக்குப்பின் அக்கருவியாற் செய்த ஆராய்ச்சிகள், மூளை வளர்ச்சி இளமையிலேயே முடிவதன்றெனக் காட்டின. குமரப் பருவத்திற் பயிலாத நரம்பிணைப்புக்கள் குறைகின்றன, பயின்றவை வலுப்பெறுகின்றன. உணர்ச்சியும் வேட்கையும் எழுப்பும் பகுதிகள் முன்னர் முதிர, எண்ணித் துணிதற்கும் அடங்குதற்கும் உரிய முன்மூளை 20-களின் நடுப்பகுதியளவுங் காலந்தாழ்த்தே முதிர்கின்றது. ஏரிக்கு வெள்ளம் வந்துவிட்டது. மதகு வேலையோ முடிந்திலது.

இதனை அறிந்த ஆசிரியர், தோழர் நடுவே மாணவனை நாணச் செய்யார். அவன் சினந்தபொழுது உடனே விடை கேளாது, சிறிது பொழுது அளிப்பர். உறங்குநேரம் பிந்துதல் அப்பருவத்தின் இயல்பென்றுணர்ந்து, காலை வகுப்பிற் கண்ணயர்வானை மடியனென்று இகழார். ஆயினும் பருவத்தின்மேற் பழியிட்டு யாவற்றையும் பொறுத்தலும் முறையன்று. மதகு முடியுங்காறும் கரை வலிதாயிருத்தல் வேண்டும், அக்கரையே ஆசிரியர். நல்ல பழக்கம் வேரூன்றுதற்கும் அப்பருவமே ஏற்றது.

அம்மையார் 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஹாலந்து நாட்டு நோர்ட்வைக் நகரில் மறைந்தார். நாளை வகுப்பறையுட் புகும் நம்மவர், கடைசி வரிசையில் முகந்திருப்பி அமர்ந்திருக்கும் மாணவனைத் தண்டிக்கக் கையெடுக்குமுன் ஒருகணம் உற்றுநோக்குவாராயின், அம்மையார் அடையாற்றங்கரையிற் செய்த பணி வீணாகாது.