கைக்குழந்தையுடன் கடல் கடந்த பண்டிதை

திருநின்றவூரில் பக்தவத்சலப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே தாயாரின் திருநாமம், என்னைப் பெற்ற தாயார். கேட்கும்போதே நெஞ்சு குளிரும் பெயர்.

பெற்றால் மட்டும் போதுமா? வளர்க்க வேண்டுமே! கணவனை இழந்தவளோ, கணவனால் கைவிடப்பட்டவளோ, குழந்தையோடு தனியே நின்றால் அவளுக்குக் கைகொடுப்பது யார்?

இந்தக் கேள்வியை நாடு நாடாகச் சென்று கேட்டார் ஒரு பெண்மணி. அவரும் கைக்குழந்தையோடு தனியே நின்றவர்தான். அவர் பெயர் பண்டிதை ராமாபாய்.

காட்டில் 11 நாள்

1858-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் ராமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி பெரிய சமஸ்கிருதப் பண்டிதர். பெண்கள் சமஸ்கிருதம் படிக்கக் கூடாது என்று சொன்ன காலம் அது. சாஸ்திரி அதைப் பொருட்படுத்தவில்லை. தம் மனைவிக்குக் கற்றுக் கொடுத்தார். மனைவி, மகளுக்குக் கற்றுக் கொடுத்தார்.

குடும்பம் கோயில் கோயிலாகச் சென்றது. புராணம் படித்தால் காணிக்கை கிடைக்கும். அதுதான் வருமானம். பஞ்சம் வந்தது. காணிக்கை நின்றது. பாத்திரம், நகை எல்லாம் விற்றுத் தீர்ந்தன.

திருநின்றவூர் வழியாகப் போகும் ரெயிலில் ஏறி எத்தனையோ பேர் திருப்பதிக்குச் செல்கிறார்கள். அந்தத் திருப்பதி மலைப் பக்கத்துக் காட்டில்தான் சாஸ்திரியின் குடும்பம் 11 நாள் கிடந்தது. இலையும், தண்ணீரும், ஒரு பிடி காட்டு ஈச்சம்பழமுமே உணவு. 1874-ல் சில மாதங்களுக்குள் தந்தை, தாய், அக்காள் மூவரும் மாண்டார்கள். ராமாபாயும் அண்ணன் சீனிவாசனும் கால்நடையாகவே ஊர் ஊராக அலைந்தார்கள்.

1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பண்டிதர்கள் ராமாபாயின் புலமையைச் சோதித்துப் பார்த்தார்கள். அசந்து போனார்கள். பண்டிதை என்றும் சரசுவதி என்றும் பட்டம் கொடுத்தார்கள்.

1880-ல் அண்ணனும் இறந்தார். அதே ஆண்டில் விபின் பிகாரி என்ற வங்காள வக்கீலை ராமாபாய் மணந்தார். அவர் வேறு சாதி. பதிவுத் திருமணம். 1881-ல் பெண் குழந்தை பிறந்தது. மனோரமா என்று பெயர் வைத்தார்கள்.

1882 பிப்ரவரியில் காலரா வந்து கணவரைக் கொண்டு போயிற்று. குழந்தைக்கு ஒரு வயது ஆகவில்லை. தாய்க்கு வயது 23.

புறப்பட்டார்

அந்தக் காலத்து விதவையின் நிலையை இன்றைய பிள்ளைகள் அறிய மாட்டார்கள். தலையை மழிப்பார்கள். நல்ல காரியங்களில் முகத்தைக் காட்டக் கூடாது. குழந்தை இருந்தால், அதற்கு ஒரு வாய்ச் சோறும் உறவினர் மனம் வைத்தால்தான். அரசாங்க உதவி என்ற பேச்சே கிடையாது. தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவைகளுக்கு மாதப் பணம் வந்ததே 1975-ல்தான்!

ராமாபாய் அழுதுகொண்டு உட்காரவில்லை. குழந்தையோடு புனாவுக்கு வந்தார். ஆரிய மகளிர் சமாஜம் என்ற சங்கத்தை அமைத்தார். பெண்களுக்குப் பெண் ஆசிரியைகளும் பெண் டாக்டர்களும் வேண்டும் என்று, அரசாங்கம் அமைத்த கல்விக் குழுவின் முன் சாட்சி சொன்னார். 1883-ல் மகளுடன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே கிறிஸ்தவ மதத்தில் சேர்ந்தார்.

1886-ல் அமெரிக்கா சென்றார். ஆனந்திபாய் ஜோஷி என்ற மராத்தியப் பெண் அங்கே டாக்டர் பட்டம் பெற்ற விழா அது. விழா முடிந்தும் ராமாபாய் திரும்பவில்லை. ஊர் ஊராகப் பேசினார். அவர் கேட்டது மூன்றுதான். விதவைகளுக்குத் தங்க ஓர் இடம், படிக்க ஒரு பள்ளி, பிழைக்க ஒரு தொழில்.

மகள் என்ன ஆனாள்? சிறு பிள்ளையை இழுத்துக்கொண்டு தினம் ஓர் ஊர் போக முடியாது. இங்கிலாந்தில் தமக்குப் பழக்கமான கன்னியரிடம் அனுப்பி வைத்தார். ஊரார் குழந்தைகளுக்காகப் பிச்சை கேட்டவர், தம் குழந்தையைப் பிரிந்திருந்தார். இந்த இடத்தை அவருடைய வரலாற்றில் யாரும் அவசரமாகத் தாண்டிப் போக முடியாது.

1887-ல் ஒரு புத்தகம் எழுதினார். உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலை பற்றியது. அதே ஆண்டு பாஸ்டன் நகரில் ராமாபாய் சங்கம் தோன்றியது. 10 ஆண்டுகளுக்குப் பணம் தருவதாக அது ஒப்புக்கொண்டது. பல ஊர்களில் கிளை வட்டங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் சந்தா. இந்தியாவையே பார்த்திராதவர்கள் கொடுத்த பணம்!

முதல் மாணவி

1889 மார்ச் 11-ந் தேதி பம்பாயில் சாரதா சதனம் திறக்கப்பட்டது. முதலில் சேர்ந்த விதவை கோதுபாய். பின்னால் இவரைத்தான் கார்வே மணந்தார். ஆம், 104 வயது வாழ்ந்த பாரத ரத்னா கார்வேதான்.

சதனம் புனாவுக்கு மாறியது. 1893-ல் சண்டை மூண்டது. பெண்களை மதம் மாற்றுகிறார் என்று பத்திரிகைகள் தாக்கின. துணை நின்ற ரானடே போன்ற பெரியோர் விலகினார்கள். பெற்றோர் பலர் பெண்களைத் திரும்ப அழைத்துப் போனார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வெளியேறிய பெண்களுக்காகப் புனாவில் வேறு இல்லம் எதுவும் காத்திருக்கவில்லை. 1896-ல் கார்வே ஓர் இல்லம் தொடங்கினார். சென்னையில் 1912-ல் சகோதரி சுப்புலட்சுமி தொடங்கினார்.

மத்திய இந்தியாவில் பெரும் பஞ்சம் வந்தது. ராமாபாய்க்குத் தம் பழைய பட்டினி மறக்கவில்லை. நேரே போய் நூற்றுக்கணக்கான பெண்களையும் குழந்தைகளையும் அழைத்து வந்தார். புனா அருகே கேட்காவ் கிராமத்தில் முக்தி இல்லம் எழுந்தது. 1900-ல் அங்கே ஏறக்குறைய 2,000 பேர். உழுதார்கள், நெய்தார்கள், எண்ணெய் ஆட்டினார்கள், அச்சுக் கோத்தார்கள். வழி தவறியவர்கள் என்று ஊர் ஒதுக்கிய பெண்களுக்குத் தனி வீடு. பார்வையற்றவர்களுக்குத் தொட்டுப் படிக்கும் எழுத்து. அதைக் கற்றுக் கொடுத்தவர் மனோரமா!

ஆம், பிரிந்திருந்த மகள் வளர்ந்து தாயின் வலது கையானார். பி.ஏ. படித்தார். பள்ளியை நடத்தினார். தமக்குப் பின் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார் என்று தாய் நம்பியிருந்தார்.

1921 ஜூலையில் மனோரமா இறந்தார். வயது 40. மகளைப் புதைத்த கையோடு ராமாபாய் மீண்டும் வேலைக்கு உட்கார்ந்தார். பைபிளை எளிய மராத்தியில் மொழிபெயர்த்துக் கொண்டிருந்தார். கடைசித் தாள் வரை பிழை திருத்தி முடித்தார். 1922 ஏப்ரல் 5-ந் தேதி அவரும் காலமானார். கேட்காவ் முக்தி இல்லம் இன்றும் நடக்கிறது.