விபுலாநந்த அடிகளும் இசையில் எழுத்தொலியும்

ஈழம் ஈன்ற தவப்புதல்வருள் விபுலாநந்த அடிகளை அறியாதார் இலர். துறவியென்றும் பேராசிரியரென்றும் அவரைப் போற்றும் நாம், பாட்டுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை அறிய அவர் வாழ்வு துணைசெய்வதை எண்ணுவது அரிது.

அடிகள் 1892ஆம் ஆண்டு காரைதீவிலே சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராய்த் தோன்றினார். மயில்வாகனம் என்பது பிள்ளைத் திருநாமம். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மிஷன் பாடசாலைகளிலே பயின்றார். அத்தகைய பாடசாலைகளிற் பயின்ற நாம் ஒன்றை ஊன்றி நோக்கல் வேண்டும். அக்கல்வி அவரைத் தமிழினின்றும் பிரிக்கவில்லை. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார்; 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார்; 1924இல் துறவு பூண்டார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார்.

விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கூடிய இடம் அவர்தம் யாழ்நூல். வழக்கொழிந்த யாழையும் பண்டைப் பண்களையும் கணித முறையால் ஆராய்ந்த நூல் அது. சிலப்பதிகார அரங்கேற்று காதையும் அதற்கு அடியார்க்குநல்லார் வகுத்த உரையும் அவ்வாராய்ச்சிக்கு நிலைக்களன்கள்.

அவ்வுரையுள் ஆளத்தி என்னும் பகுதி எழுத்தொலியைப் பற்றியதே. மகர ஒற்றினால் சுருதி கூட்டி, குறில் ஐந்தும் நெடில் ஐந்தும் கொண்டு இசையை விரிப்பது பண்டை முறை. இதற்குக் காரணம் எளிது. வாயை மூடி மகரத்தை ஒலிக்கும்போது மூச்சு மூக்கின் வழியே தடையின்றிச் செல்லுகின்றது. ஆகவே அவ்வொலி நீண்டு நிற்கும். ககரம் தகரம் முதலிய வல்லெழுத்துக்களோ மூச்சை அடைத்து விடுவன. அவற்றை நீட்ட இயலாது. உயிரெழுத்தே இராகத்தைச் சுமந்து செல்வது. நிகண்டு நூலார் ஏழிசைக்கும் ஏழு நெட்டெழுத்துக்களை உரியனவாக்கியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. இசையில் உயிரும் ஒற்றும் தத்தம் மாத்திரை கடந்து நீளுமெனத் தொல்காப்பியரும் விதி வகுத்துள்ளார்.

அங்ஙனமாயின் பாடுவோன் எதையும் எங்கும் நீட்டலாமோ? ஆகாது. மலை என்பதன் முதலெழுத்தை நீட்டினால் மாலையாகும். குளத்தின் ளகரம் பிறழ்ந்தால் குலமாகும். உயிர் இராகத்தைத் தருகின்றது. மெய் சொல்லைக் காக்கின்றது. இரண்டையும் பேணுதலே பாடுவோன் கடன்.

இன்று நம் ஆலயங்களிலே தேவாரம் ஓதுகையில் இராகம் சிறந்து எழுத்து மங்குதல் உண்டு. லகர ளகர ழகரங்கள் ஒன்றாய்க் கரைகின்றன. யாழ்நூலில் தேவாரத்திற்கெனத் தனியியல் ஒன்றை அடிகள் வகுத்தார். அத்திருமுறைகளைப் பொருள் விளங்காது ஓதுவோமாயின் அவர்தம் உழைப்புக்கு நாம் செய்யும் கைம்மாறு யாது?

ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு ஆராய்ச்சியின் பயனாகிய அந்நூல், 1947 யூன் 5ஆம், 6ஆம் நாட்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்ச் சந்நிதியில் அரங்கேறிற்று. அப்போதே அடிகள் உடல் நலிந்திருந்தார். யூலை 19ஆம் நாள் கொழும்பிலே இறைவனடி எய்தினார். அவர் திருமேனி கல்லடி உப்போடைச் சிவானந்த வித்தியாலய வளவிலே அடக்கஞ் செய்யப்பெற்றது.

இளைஞர்காள்! அடிகளுக்கு மலர் சூட்டுவதோடு நம் கடன் முடிவதன்று. வாரந்தோறும் கூட்டுப்பிரார்த்தனையிலே ஒரு பதிகத்தையேனும் முதலில் இசையின்றி எழுத்துப் பிழையற வாசித்து, பொருள் உணர்ந்து, பின்னர்ப் பண்ணோடு பாடுவோமாக. முதியோர் நம் பிழைகளைக் கூசாது திருத்துவாராக.