நாடாவில் நிலைத்த மதுரை மணி ஐயர்

ஜார்ஜ்டவுனில் கைப்பேசியில் மதுரை மணி ஐயரைக் கேட்பவர்களுக்குப் பாட்டோடு சபையின் இருமலும் கைதட்டலும் சேர்ந்தே வரும். அவர் பாடியதில் நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் மேடைக் கச்சேரிப் பதிவுகள்தாம்.

1912ல் மதுரையில் பிறந்தவர். பேர்பெற்ற பாடகர் புஷ்பவனம் ஐயர் இவர் தந்தையின் உடன்பிறந்தவர். மணி ஐயர் 12 வயதிலேயே மேடையேறினார். பின்னாளில் பார்வை மங்கியது. ஸ்வரம் பாடும் உற்சாகம் மங்கவில்லை. முத்தையா பாகவதரின் இங்கிலீஷ் நோட்டைப் பட்டிதொட்டியெல்லாம் பரப்பியவர் இவரே. 1959ல் சங்கீத கலாநிதி ஆனார்.

பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடம்தான். அவருடைய ஸ்வர வரிசை அதற்குள் அடங்குமா? ரசிகர்கள் சுருள் நாடாவில் முழுக் கச்சேரியையும் பிடித்து வைத்தார்கள்.

1968 ஜூன் 8ல் அவர் மறைந்தார். நாடாக்கள் கைமாறி, கேசட்டாகி, கணினிக்கு வந்தன. நகலுக்கு நகல் இரைச்சல் கூடியது. கருவியின் வேகம் பிசகினால் சுருதியே ஏறிவிடும். அதைச் சரிசெய்யத் தம்பூரா ஒலிதான் துணை. இரைச்சலை அளவுக்கு மீறித் துடைத்தாலோ அந்தத் தம்பூராவும் போய்விடும். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும்.

பினாங்கின் ஈரக்காற்றில் நாடா சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். பரணில் பழைய சுருள் வைத்திருப்பவர்கள் இப்போதே நகலெடுப்பது நல்லது.