விழுநோயும் எழுதுகோலும்: தஸ்தயெவ்ஸ்கியின் வாழ்க்கை

பியோதர் மிகாய்லோவிச் தஸ்தயெவ்ஸ்கியின் வாழ்க்கையை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மூன்று செய்திகளைச் சுற்றியே எழுதியுள்ளனர்: கொலைக்களம் வரை சென்று மீண்டமை, சூதாட்ட மேசையில் இழந்த பொருள், கடன்காரர்களுக்கு அஞ்சி அயல்நாடுகளில் அலைந்த ஆண்டுகள். நான்காவதாக ஒன்று உண்டு. அது முடிந்துபோன ஒரு நிகழ்ச்சியன்று. முப்பது ஆண்டுகளாக அவரை விட்டு நீங்காதிருந்த துணை. காக்கை வலிப்பு என்று நாம் வழங்கும் நோய் அது. ரஷ்ய மக்கள் அதனை வீழ்த்தும் நோய் என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். அந்நோய் அவருக்குத் தந்தது என்ன, அவரிடமிருந்து கொண்டது என்ன என்று கணக்குப் பார்ப்பது வீண் வேலையன்று. நோயே மேதைமையின் ஊற்று என்று எழுத்தாளரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணத்திற்கு அவர் பெயரையே சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது.

அவர் 1821-ஆம் ஆண்டு மாஸ்கோவில், ஏழைகளுக்கான மரீன்ஸ்கி மருத்துவமனை வளாகத்தில் பிறந்தார். தந்தை அங்கு மருத்துவர். நோயாளிகள் உலவும் தோட்டமே சிறுவனின் உலகம். 1837-இல் தாய் காசநோயால் இறந்தார். 1839-இல் தந்தையும் மறைந்தார். பீட்டர்ஸ்பர்க்கில் இராணுவப் பொறியியல் பள்ளியில் பயின்ற இளைஞர், அப்பணியை உதறிவிட்டு எழுத்தை நம்பினார். 1846-இல் வெளிவந்த 'ஏழை எளியவர்கள்' நாவல் இருபத்து நான்கு வயதில் அவருக்குப் புகழைத் தேடித் தந்தது. அக்காலத்தில் அவரைக் கவனித்துவந்த மருத்துவ நண்பர் ஸ்தெபான் யானோவ்ஸ்கி, 1847-லேயே வலிப்பின் அறிகுறிகளைத் தாம் கண்டதாகப் பிற்காலத்தில் எழுதினார்.

1849-இல் பெத்ரஷெவ்ஸ்கி குழுவினரோடு அவரும் கைதானார். எட்டு மாதச் சிறைக்குப் பின், பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி டிசம்பர் 22-ஆம் நாள் காலையில், செம்யோனவ் மைதானத்தில் அவர்களுக்கு மரண தண்டனை வாசிக்கப்பட்டது. முதல் மூவர் கம்பங்களில் கட்டப்பட்டனர். அடுத்த வரிசையில் நின்றவர் தஸ்தயெவ்ஸ்கி. துப்பாக்கிகள் உயர்ந்த பின்னரே, தண்டனை குறைக்கப்பட்ட செய்தி படிக்கப்பட்டது. கம்பத்தில் கட்டப்பட்டிருந்த கிரிகோரியெவ் அறிவு பேதலித்துப்போனார். தஸ்தயெவ்ஸ்கி கால் விலங்குகளோடு சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கு நான்கு ஆண்டுக் கடுங்காவல். நோய் ஐயத்திற்கிடமின்றி வெளிப்பட்டது அங்குதான். 1857-இல் இராணுவ மருத்துவர் அளித்த சான்றிதழ், முதல் வலிப்பு 1850-இல் நேர்ந்ததாகவும் அதன் பின் அது திரும்பத் திரும்ப வந்ததாகவும் கூறுகிறது.

அந்த 1857-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் முக்கியமானது. கட்டாய இராணுவச் சேவையில் இருந்த அவர், மரியா இசாயெவா என்ற கைம்பெண்ணைக் குஸ்னெத்ஸ்க் நகரில் மணந்து, புதுமனைவியுடன் செமிபலாத்தின்ஸ்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் பர்னாவுல் நகரில் கொடிய வலிப்பு கண்டது. அச்சத்தில் உறைந்துபோன மணமகள் முன்னிலையில் மருத்துவர் ஒளிக்காமல் உண்மையைச் சொன்னார்: இது மெய்யான காக்கை வலிப்பு, ஒருநாள் மூச்சடைத்து உயிரையும் கொண்டுபோகலாம். அதுவரை இது நரம்புத் தளர்ச்சியே என்று பிற மருத்துவர்கள் கூறியதை நம்பியிருந்தார் அவர். உண்மை முன்பே உறுதியாகத் தெரிந்திருந்தால் திருமணமே செய்துகொண்டிருக்கமாட்டேன் என்ற கருத்தில் அண்ணன் மிகாயிலுக்குக் கடிதம் எழுதினார். ஆயினும் அதே நோய்தான் விடுதலைக்கும் வழி திறந்தது. உடல்நிலையைக் காரணம் காட்டி அவர் விண்ணப்பிக்க, 1859-இல் இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டின் இறுதியில் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார்.

இந்நோயின் இயல்பை மருத்துவம் உணரத் தொடங்கியதும் அவர் வாழ்நாளில்தான். தெய்வ சாபமென்றும் பேய்பிடியென்றும் கருதப்பட்டுவந்த இந்நோய் மூளையில் தோன்றுவது என்று, இப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும் பழங்கிரேக்க நூல் எப்போதோ கூறியிருந்தது. ஆனால் மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் திடீரென, அளவுமீறி, விரைந்து எழும் வெளிப்பாய்ச்சலே வலிப்பு என்று லண்டனில் ஹியூலிங்ஸ் ஜாக்சன் வரையறுத்தது 1873-இல்தான். கோடானுகோடி நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் ஓர் ஒழுங்கில் இயங்குகின்றன. அடக்கும் ஆற்றல் தளர்ந்து, ஒரு கூட்டம் ஒருசேரப் பொங்கினால் அது வலிப்பாகிறது. தக்க தூண்டுதலின்றி அது மீண்டும் மீண்டும் வரும் இயல்பே காக்கை வலிப்பு நோய்.

பொங்குமிடம் எதுவோ அதற்கேற்பக் கோலமும் வேறுபடும். மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்குவது ஒருவகை. அதில் நினைவு தப்பாமலே ஒரு கை மட்டும் துடிக்கலாம். இல்லாத வாசனை தோன்றலாம். காரணமற்ற அச்சமோ, முன்பே கண்ட காட்சி என்ற மயக்கமோ எழலாம். சில வேளைகளில் நினைவு மங்கி, வாயை மெல்வதும் ஆடையைப் பிசைவதுமாகப் பொருளற்ற செயல்கள் நிகழும். மூளையின் இருபுறமும் தொடக்கத்திலேயே பற்றிக்கொள்வது மற்றொரு வகை. பள்ளிக் குழந்தை சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் பாடத்தைத் தொடர்வதும் இதில் அடங்கும். தசைகள் மின்னலெனத் துள்ளுவதும், உடல் திடீரெனத் தளர்ந்து சரிவதும், அலறலோடு விறைத்து வீழ்ந்து உதறுவதும் இதன் பாற்பட்டவையே. ஒரு பகுதியில் தொடங்கி மூளை முழுவதற்கும் பரவுவதும் உண்டு. 2017-இல் உலக வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் வகுத்த முறையும் தொடங்கும் இடத்தையே அடிப்படையாகக் கொண்டது.

தஸ்தயெவ்ஸ்கியின் வலிப்பு இவற்றுள் எது? நண்பர் ஸ்திராகவ் விட்டுச்சென்ற சித்திரம் ஒன்று உண்டு. 1863-ஆம் ஆண்டளவில், ஈஸ்டருக்கு முந்திய இரவு. உயர்ந்த பொருள் ஒன்றைப் பற்றி மிகுந்த எழுச்சியோடு பேசியபடி அறையில் உலவிக்கொண்டிருந்தார் தஸ்தயெவ்ஸ்கி. சொல் தேடுபவர்போல் ஒரு கணம் நின்றார், வாய் திறந்தது, சொல் வரவில்லை. பொருளற்ற நீண்ட ஒலியொன்று எழ, நினைவிழந்து வீழ்ந்தார். வீழ்வதற்கு முந்திய சில நொடிகளில் வாழ்நாள் முழுவதையும் ஈடாகக் கொடுக்கத்தக்க பேரின்பமும் முழுமையும் தமக்குக் கிட்டுவதாக நண்பர்களிடம் அவர் கூறியதுண்டு. 'அசடன்' நாவலின் நாயகன் மிஷ்கினுக்கு அந்த நொடிகளையே வழங்கினார். அங்கும் அவர் மயங்கிவிடவில்லை. அந்த ஒளி நோயின் விளைவே எனில் அது உயர்ந்த நிலையா, தாழ்ந்த நிலையா என்ற ஐயத்தையும் மிஷ்கினுக்கே கொடுத்தார். அதற்குப் பின்வரும் இருளையும் அறிவு மழுங்கலையும் மறைக்காமல் எழுதினார்.

இந்த இன்ப முன்னுணர்வு மருத்துவரிடையே நூறாண்டு விவாதமாயிற்று. 1928-இல் பிராய்டு, இது தந்தையின் சாவை விரும்பிய குற்றவுணர்விலிருந்து எழுந்த மனநோயாகவே இருக்கலாம் என்றார். பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஆன்றி காஸ்தோ, 1978-இல், அந்த இன்பக் கணம் இலக்கியக் கற்பனையே, நோய் மூளை முழுவதும் தழுவியது என்று எழுதி, 1984-இல் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். இதற்கிடையே 1980-இல் இத்தாலிய மருத்துவர்கள், அத்தகைய பேரின்ப வலிப்புடைய ஒருவரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து, பொட்டின் உட்புற மடலில் அது தோன்றுவதைக் காட்டினர். அம்மடலின் அருகே ஆழத்தில் மறைந்துள்ள இன்சுலா என்ற பகுதிக்கும் இதில் பங்குண்டு என்பது பிந்தைய ஆய்வுகளின் கருத்து. நாவலாசிரியர் கண்டதைக் கருவிகள் காண நூறாண்டுக்கு மேலாயிற்று.

ஆனால் இன்ப நொடிகளைப் பற்றி உலகம் பேசிய அளவிற்கு அவர் குறிப்பேடுகள் பேசவில்லை. வாழ்வின் இறுதி இருபதாண்டுகளில் நூற்றிரண்டு வலிப்புகளை அவர் குறித்துவைத்துள்ளார். பெரும்பாலானவை இரவிலோ விடியலிலோ உறக்கத்தின்போது வந்தவை. அவற்றில் மிகுதியாக இடம்பெறுவன வலிப்புக்குப் பின் வந்த நாட்கள்: தலைக்கனம், சொல்லவியலாத துயரம், ஏதோ பெருங்குற்றம் செய்துவிட்டது போன்ற உணர்வு, இனம்புரியாத திகில். பல நாட்கள் எழுத முடியாது. நினைவாற்றல் சிதைந்தது. அறிமுகமானவர்களையும் அடையாளம் காணாமல் நின்றதால் செருக்குடையவர் என்று பலர் மனம் புண்பட்டனர்.

1866-இல் 'சூதாடி' நாவலை இருபத்தாறு நாட்களில் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எழுதியவர் அன்னா கிரிகோரியெவ்னா. அடுத்த ஆண்டு அவரையே தஸ்தயெவ்ஸ்கி மணந்தார். மணமாகிச் சில நாட்களுக்குள், உறவினர் வீட்டில் உரையாடிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது. மற்றவர்கள் அஞ்சி விலக, இருபது வயது அன்னா அவர் தோளைப் பற்றிச் சாய்த்து, தலையைத் தம் மடியில் தாங்கினார். ஒரு மணி நேரத்தில் மீண்டும் வலிப்பு. இன்று மருத்துவர் சொல்வதும் பெரும்பாலும் இதுவே: தலைக்கு அடிபடாமல் காத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் அருகிலிருத்தல், ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல். 1868-இல் ஜெனீவாவில் அன்னாவுக்குப் பேறுகால வலி கண்ட இரவிலும் கணவர் வலிப்பால் களைத்து உறங்கிக்கொண்டிருந்தார். விடியும்வரை அவரை எழுப்பாமல் வலியைப் பொறுத்திருந்தார் அந்தப் பெண். அன்று பிறந்த சோன்யா மூன்று மாதங்களில் இறந்துபோனாள்.

அதனினும் கொடிய அடி பின்னர் விழுந்தது. 1875-இல் பிறந்த கடைசி மகன் அலெக்ஸேய், அல்யோஷா என்று செல்லமாக அழைக்கப்பட்டவன். 1878-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள், மூன்று வயது நிறையாத அக்குழந்தைக்கு வலிப்பு கண்டது, அது நிற்கவில்லை. இடைவிடாது நீளும் இத்தகைய வலிப்பே எல்லா வகையினும் உயிருக்கு ஊறு மிக்கது. இன்று அதனை நிறுத்த மருந்துகள் உண்டு, அன்று எதுவுமில்லை. மருத்துவரை வழியனுப்பித் திரும்பிய தந்தை வெளிறிய முகத்தோடு குழந்தையருகே மண்டியிட்டார். மருத்துவர் சொன்ன முடிவை மனைவியிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தம்முடைய நோயே தம் மகனைக் கொன்றது என்ற எண்ணம் அவரை வாட்டியது. நோய் மேதைமைக்குக் கொடுத்த விலை என்று பேசுவோர் இந்த அறைக்குள் வந்து நின்று பேசவேண்டும்.

அடுத்த மாதம் இளம் தத்துவ அறிஞர் விளதீமிர் சலவியோவ் துணையுடன் ஓப்தினா மடத்திற்குச் சென்று, அம்புரோஸ் என்ற முதுதுறவியைக் கண்டு திரும்பினார். அங்குப் பெற்ற ஆறுதல் 'கரமாசோவ் சகோதரர்க'ளில் இடம்பெற்றது. மூன்று வயது மகனைப் பறிகொடுத்துப் புலம்பும் எளிய தாய் ஒருத்தி முதுதுறவி ஸோசிமாவின் காலடியில் வீழ்கிறாள். இறந்த மகனின் பெயர் அலெக்ஸேய். நாவலின் நாயகனுக்கும் அப்பெயரே. ஆனால் அதே நாவலில், வலிப்பு வந்ததாக நடித்துக் கொலைக்கு மறைவு தேடும் ஸ்மெர்த்யாகவும் ஒரு வலிப்பு நோயாளியே. மிஷ்கினின் தூய்மைக்கும் ஸ்மெர்த்யாகவின் வஞ்சத்திற்கும் அவர் தந்தது ஒரே நோய்தான். நோய் மனிதனைப் புனிதனாக்குவதுமில்லை, பாவியாக்குவதுமில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

1880 நவம்பரில் அந்நாவல் நிறைவுற்றது. 1881 ஜனவரி 28-ஆம் நாள் நுரையீரல் குருதிப்பெருக்கால் அவர் காலமானார். பர்னாவுல் மருத்துவர் அஞ்சியவாறு வலிப்பு அவர் உயிரைக் கொள்ளவில்லை. அவர் வாழ்ந்தபோதே, 1857-இல், பொட்டாசியம் புரோமைடு வலிப்பைத் தணிக்கும் என்று லண்டனில் லோகாக் கூறியிருந்தார். 1912-இல் பீனோபார்பிட்டலும், 1938-இல் பெனிடாயினும் நடைமுறைக்கு வந்தன. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், முறையான மருத்துவம் கிடைத்தால் அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது.

மருந்து கிடைத்திருந்தால் மிஷ்கின் பிறந்திருப்பானா என்று கேட்போர் உண்டு. அந்த நோயுற்ற எண்ணற்றவருள் ஒருவரே 'அசடன்' எழுதினார். அதையும் வலிப்பு வந்த நாட்களில் எழுதவில்லை. வலிப்பு விட்டுவைத்த நாட்களில் எழுதினார். மருந்து கிடைத்திருந்தால் உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்றுதான்: அல்யோஷா பிழைத்திருக்கக்கூடும். அந்தப் பண்டமாற்றுக்குத் தஸ்தயெவ்ஸ்கி ஒரு நொடியும் தயங்கியிருக்கமாட்டார்.