கண்ணீரில் பிறந்த இசை

ஆண்டாள் தமிழால் அறியப்படும் திருவில்லிபுத்தூரிலும் அருகே இராஜபாளையத்திலும் வாழும் நமக்கு, பாடலே மன்றாட்டாவது புதிதல்ல. அன்றைய ஹங்கேரியில் 1811-ல் பிறந்த பிரான்ஸ் லிஸ்டும் இசையால் மன்றாடியவரே. ஐரோப்பா வியந்த இந்தப் பியானோ கலைஞர், பெட்ரார்க்கின் கவிதைகளையும், இரபேல் தீட்டிய கன்னி மரியா திருமண ஓவியத்தையும் பியானோ இசையாக்கினார்.

1859-ல் மகன் டேனியலையும், 1862-ல் மகள் பிளாந்தினையும் சாவு பறித்தது. இரண்டாம் இழப்புக்குப்பின் அவர் அமைத்த பியானோ படைப்பு, பாக் இசைத்த அழுகையில் தொடங்கி, இறைத்திட்டத்தை நம்பி ஏற்கும் ஞானப்பாடலில் முடிகிறது. 1865-ல் உரோமையில் திருச்சபையின் சிறு பட்டங்களைப் பெற்றார்; குருவாகவில்லை. 1886-ல் இறந்தார்.

அவர் கண்ணீரை மறைக்கவில்லை. அதிலேயே நின்றுவிடவும் இல்லை. பிள்ளையைப் புதைத்த பெற்றோர் நம் பங்குகளிலும் உண்டு. அவர்களை அழவிடுவோம், அருகமர்ந்து செபிப்போம். நம்பிக்கைப் பாடலை அவர்களால் பாட முடியும்வரை, அவர்களுக்காக நாம் பாடுவோம்.